ஒரே அளவு காரம், இரு வேறு வளைவுகள்: அமிலங்களைத் தரம் பார்த்தல்

அமிலக் கரைசல் ஒன்றில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதை, செறிவு தெரிந்த காரக் கரைசலைக் கொண்டு கண்டறிவது தரம் பார்த்தல் எனப்படுகிறது. குறிப்பிட்ட கன அளவு அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுத்துக்கொண்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலம் முழுவதும் நடுநிலையாகும் தறுவாயில் நிறுத்தி, செலவான காரத்தின் அளவைக் குறித்துக்கொண்டால் மீதி கணக்குதான். பள்ளி ஆய்வகத்தில் பருமனறி பகுப்பாய்வு என்ற பெயரில் மாணவர்கள் செய்யும் இந்தச் சோதனை, மருந்துத் தொழிற்சாலையிலும் பால் சேகரிப்பு நிலையத்திலும் இதே வடிவில்தான் நடக்கிறது.

அமிலத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அது எவ்வளவு வலிமையானது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பாடத்தில் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன. தரம் பார்த்தல் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. செலவாகும் காரத்தின் அளவு முதல் கேள்விக்கு விடை. காரம் சேரச் சேரக் கரைசல் மாறிச் செல்லும் விதம் இரண்டாவது கேள்விக்கு விடை.

செறிவும் வலிமையும்

ஒரு குடுவையில் 25 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றொன்றில் 25 மி.லி. அசிட்டிக் அமிலம். இரண்டின் செறிவும் 0.1 மோலார். அதாவது, இரு குடுவைகளிலும் அமில மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் நீரில் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் முழுவதுமாகப் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளையும் குளோரைடு அயனிகளையும் தந்துவிடுகிறது. அசிட்டிக் அமிலத்திலோ ஆயிரம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 13 மட்டுமே பிரிகின்றன. மற்றவை முழு மூலக்கூறுகளாகவே மிதக்கின்றன. முன்னது வலிமைமிகு அமிலம், பின்னது வலிமை குறைந்த அமிலம்.

இந்த வேறுபாட்டை எண்ணில் சொல்ல உதவுவது பிஎச் அளவுகோல். கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரென்சன் 1909ஆம் ஆண்டு இதை அறிமுகப்படுத்தினார். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்மடக்கையே பிஎச் என்பதால், பிஎச் ஓர் அலகு குறைந்தால் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடியது என்று பொருள். மேற்கண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1.00, அசிட்டிக் அமிலத்தின் பிஎச் 2.88. இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் அயனிச் செறிவில் சுமார் 75 மடங்கு வேறுபாடு இருக்கிறது.

அப்படியானால் அசிட்டிக் அமிலத்தை நடுநிலையாக்க 75இல் ஒரு பங்கு காரம் போதும் என்று தோன்றலாம். உண்மை அதுவல்ல. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டு குடுவைகளுக்கும் சரியாக 25 மி.லி. தேவைப்படுகிறது.

இதற்குக் காரணம், அசிட்டிக் அமிலத்தின் பிரிகை ஒரு சமநிலை என்பதே. காரத்திலிருந்து வரும் ஹைட்ராக்சைடு அயனி, தனித்திருக்கும் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து நீராக்குகிறது. சமநிலை குலைகிறது. குறைந்ததை ஈடுசெய்ய, பிரியாமல் இருந்த மூலக்கூறுகளில் சில பிரிந்து புதிய ஹைட்ரஜன் அயனிகளைத் தருகின்றன. இறைக்க இறைக்க ஊறுகிற கிணற்றைப் போல, கடைசி மூலக்கூறு தீரும்வரை இது தொடர்கிறது. அசிட்டிக் அமிலம் ஹைட்ராக்சைடு அயனியுடன் வினைபுரிவதன் சமநிலை மாறிலி சுமார் 1.75×10⁹. இவ்வளவு பெரிய எண்ணின் பொருள், வினை நடைமுறையில் முழுமையாக முடிந்துவிடுகிறது என்பதே. கரைசல்களில் மின்பகுளிகள் அயனிகளாகப் பிரிகின்றன என்று 1884ஆம் ஆண்டு ஆய்வேட்டில் வாதிட்ட அரீனியசும், வலிமை குறைந்த மின்பகுளிகளின் பிரிகைக்கு 1888இல் கணித வடிவம் தந்த ஆஸ்ட்வால்டும் இந்த விளக்கத்துக்கு அடித்தளமிட்டவர்கள்.

கருவிகளும் திட்டக் கரைசலும்

பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களை 1824ஆம் ஆண்டு புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே லூசாக். ஜெர்மனியின் மோர், 1855இல் வெளியிட்ட பாடநூலின் வழியாக இம்முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். பியூரெட்டின் அடியில் ரப்பர் குழாயும் கவ்வியும் பொருத்தும் அமைப்புக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. காரக் கரைசல் கண்ணாடித் திருகை அரித்து இறுக்கிவிடும் என்பதால், காரத்தைப் பியூரெட்டில் எடுக்கும்போது அத்தகைய அமைப்போ டெஃப்லான் திருகோ ஏற்றது.

காரத்தின் செறிவு நம்பகமாகத் தெரிந்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும். சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டுக் கரைத்தால் அந்த நம்பகம் கிடைக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தராசுத் தட்டிலேயே கசியத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறும். ஆகவே தோராயமான செறிவில் கரைத்துக்கொண்டு, தூய்மையும் நிலைத்தன்மையும் உள்ள திடப்பொருளால் செய்த திட்டக் கரைசலைக் கொண்டு அதன் செறிவை முதலில் நிர்ணயிக்க வேண்டும். கல்வி ஆய்வகங்களில் இதற்குப் பெரும்பாலும் ஆக்சாலிக் அமிலப் படிகம் பயன்படுகிறது. இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட அப்படிகத்தின் மோலார் நிறை 126.07 கிராம். 1.576 கிராமை 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்துக் குறிவரை நிரப்பினால் 0.05 மோலார் கரைசல் கிடைக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால், அது 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுடன் சம கன அளவில் வினைபுரியும். மிகுந்த துல்லியம் தேவைப்படும் இடங்களில் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் விரும்பப்படுகிறது.

வலிமைமிகு அமிலத்தின் வளைவு

சேர்க்கப்பட்ட காரத்தின் கன அளவைக் கிடை அச்சிலும் பிஎச் மதிப்பை நெடு அச்சிலும் குறித்து வரைவதே தரம் பார்த்தல் வளைவு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் வளைவு 1.00இல் தொடங்குகிறது. 12.5 மி.லி. காரம் சேர்ந்து அமிலத்தில் பாதி தீர்ந்தபோதும் பிஎச் 1.48 மட்டுமே. 22.5 மி.லி. சேர்ந்து பத்தில் ஒன்பது பங்கு தீர்ந்தபின் 2.28. 24 மி.லி.யில் 2.69. இதுவரை வளைவு கிட்டத்தட்டக் கிடையாகவே நகர்கிறது. பிஎச் மடக்கை அளவு என்பதால், ஓர் அலகு ஏற அமிலத்தின் பெரும்பகுதி தீர்ந்தாக வேண்டும்.

அதன் பிறகு காட்சி மாறுகிறது. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் சமான நிலைக்கு ஒரு சொட்டு முன்னர், அதாவது 24.95 மி.லி.யில், பிஎச் 4.00. சரியாக 25 மி.லி.யில் 7.00. ஒரு சொட்டு கூடி 25.05 மி.லி. ஆனதும் 10.00. இரண்டே சொட்டுகளில் ஆறு அலகுகள். ஹைட்ரஜன் அயனிச் செறிவில் பத்து லட்சம் மடங்கு வீழ்ச்சி. தரம் பார்த்தல் ஒரு துல்லியமான முறையாக விளங்குவதற்கு இந்தச் செங்குத்தான ஏற்றமே காரணம். ஏற்றத்துக்குள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிழை ஒரு சொட்டைத் தாண்டாது. சமான நிலைக்குப் பின் 26 மி.லி.யில் 11.29, 30 மி.லி.யில் 11.96 என்று வளைவு மீண்டும் படுத்துவிடுகிறது.

சமான நிலையில் குடுவையில் எஞ்சுவது சோடியம் குளோரைடு என்ற உப்பும் நீரும் மட்டுமே. அந்த உப்பின் அயனிகள் இரண்டும் நீருடன் வினைபுரிவதில்லை. ஆகையால் அங்கே பிஎச் 7.

வலிமை குறைந்த அமிலத்தின் வளைவு

அசிட்டிக் அமிலத்தின் வளைவு நான்கு கட்டங்களாக அமைகிறது. 2.88இல் தொடங்கும் அது, முதல் சில மி.லி. காரத்துக்கே விரைந்து உயர்ந்து 2.5 மி.லி.யில் 3.8ஐ அடைகிறது. காரத்தால் உண்டான அசிட்டேட் அயனிகள், மீதமுள்ள அமிலம் பிரிவதைத் தடுக்கின்றன. இது பொது அயனி விளைவு. தனித்திருந்த சிறிதளவு ஹைட்ரஜன் அயனியும் இதனால் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது கட்டத்தில் வளைவு தணிகிறது. குடுவையில் இப்போது அசிட்டிக் அமிலமும் அசிட்டேட் அயனியும் கணிசமான அளவில் சேர்ந்திருக்கின்றன. சேரும் காரத்தை அமிலம் ஏற்றுக்கொள்வதால் பிஎச் மெதுவாகவே நகர்கிறது. இதுவே தாங்கல் கரைசல். 2.5 மி.லி.யிலிருந்து 22.5 மி.லி. வரை, அமிலத்தில் பத்தில் எட்டுப் பங்கு தீரும் இடைவெளி முழுவதிலும், பிஎச் 3.8இலிருந்து 5.7க்கு மட்டுமே உயர்கிறது. இந்தக் கட்டத்தின் நடுவே ஒரு முக்கியமான புள்ளி இருக்கிறது. 12.5 மி.லி.யில் அமிலத்தின் செறிவும் அசிட்டேட்டின் செறிவும் சமம். அங்கே ஹைட்ரஜன் அயனிச் செறிவு, அமிலத்தின் பிரிகை மாறிலிக்குச் சமமாகிவிடுகிறது. பிஎச் 4.76, மாறிலி 1.75×10⁻⁵. கரைசல் மிக நீர்த்துப் போகாதவரை, தொடக்கச் செறிவு எதுவாக இருந்தாலும் இந்த எண் மாறாது. தாங்கல் கரைசலின் பிஎச்சைக் கணக்கிட உதவும் ஹெண்டர்சன் ஹாசல்பால்க் சமன்பாட்டின் மிக எளிய வடிவம் இதுதான்.

மூன்றாவது கட்டம் சமான நிலை. 24.95 மி.லி.யில் பிஎச் 7.46, 25 மி.லி.யில் 8.73, 25.05 மி.லி.யில் 10.00. சமான நிலையில் கரைசல் நடுநிலையாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அசிட்டேட் அயனி, வலிமை குறைந்த அமிலத்தின் இணை காரம். அது நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைச் சிறிதளவு பெற்றுக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை விடுவிக்கிறது. இந்த நீராற்பகுப்பே பிஎச்சை 7க்கு மேலே கொண்டுசெல்கிறது. நடுநிலையாக்கல் என்ற சொல் அளவின் ஈட்டைக் குறிக்கிறதே தவிர, முடிவில் பிஎச் 7 ஆக வேண்டும் என்பதைக் குறிப்பதில்லை. ஏற்றமும் இங்கே சுருங்கியிருக்கிறது: இரண்டு சொட்டுகளுக்கு ஆறு அலகுகள் என்றிருந்தது, ஏறக்குறைய இரண்டரை அலகாகிவிட்டது.

நான்காவது கட்டத்தில், சமான நிலையைத் தாண்டியபின், மிகுதியாகும் காரமே பிஎச்சைத் தீர்மானிக்கிறது. ஆகவே இரு அமிலங்களின் வளைவுகளும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று பொருந்திவிடுகின்றன.

நிறங்காட்டியைத் தேர்ந்தெடுத்தல்

சமான நிலை கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது நிறங்காட்டி. இதுவும் வலிமை குறைந்த ஓர் அமிலமோ காரமோதான். அயனியான வடிவத்துக்கு ஒரு நிறம், அயனியாகாத வடிவத்துக்கு வேறு நிறம். இந்த விளக்கத்தையும் தந்தவர் ஆஸ்ட்வால்டே. மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரை சிவப்பிலிருந்து மஞ்சளாகிறது. புரோமோதைமால் நீலம் 6.0 முதல் 7.6 வரை மஞ்சளிலிருந்து நீலமாகிறது. பினால்ப்தலீன் ஏறக்குறைய 8.3 முதல் 10.0 வரை நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாகிறது.

நிறங்காட்டி நிறம் மாறும் முடிவு நிலை, வளைவின் செங்குத்தான பகுதிக்குள் விழ வேண்டும் என்பதே விதி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மூன்றுமே ஒரு சொட்டு வேறுபாட்டுக்குள் ஒரே விடையைத் தருகின்றன. அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தினால் முதல் சில சொட்டுகளிலேயே சிவப்பு வெளிறத் தொடங்கும். மெல்ல மெல்ல ஆரஞ்சாகி, 7 அல்லது 8 மி.லி.யில் முழு மஞ்சளாகிவிடும். உண்மையான விடையான 25 மி.லி.யில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது சேர்ந்திருக்காது. நிறம் எந்தச் சொட்டில் மாறியது என்றும் சொல்ல முடியாது. பினால்ப்தலீன் மட்டுமே இங்கே பொருந்தும். வலிமைமிகு அமிலமானாலும் கரைசல் மிக நீர்த்திருந்தால் ஏற்றம் குறையும். 0.001 மோலார் கரைசல்களில் ஒரு சொட்டு முன்னும் பின்னும் பிஎச் 6க்கும் 8க்கும் இடையே மட்டுமே தாவுகிறது. அங்கே புரோமோதைமால் நீலமே உகந்தது.

கையாளும் முறை

பியூரெட்டையும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே கழுவ வேண்டும். அதில் ஒட்டியிருக்கும் நீர் அமில மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றாது, ஆனால் ஒட்டியிருக்கும் அமிலம் மாற்றிவிடும். பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. நிரப்பப் பயன்பட்ட புனலை எடுத்துவிட வேண்டும். இடமாறு தோற்றப் பிழை நேராமல், திரவ மட்டத்தின் குழிந்த அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும்.

முடிவு நெருங்குவதைக் குடுவையே அறிவிக்கும். பினால்ப்தலீன் கலந்த அமிலத்தில் காரச் சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு இழை ஒன்று தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறைகிறது. அந்த ஓரிடத்தில் மட்டும் காரம் நொடிப்பொழுது மிகுந்திருப்பதே காரணம். தொடக்கத்தில் இழை தோன்றியவுடன் போய்விடும். பின்னர் இரண்டு சுழற்றல்கள், மூன்று சுழற்றல்கள் என்று தங்கும். அப்போது திருகை ஏறக்குறைய மூடி, ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். கடைசியில் முனையில் தொங்கும் அரைச் சொட்டைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு, நீரால் கழுவி இறக்கலாம். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கையில் மிக வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவு. அடர்ந்த சிவப்பு வந்துவிட்டால் காரம் கூடிவிட்டது என்று பொருள். அடுத்தடுத்த அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

முடிவுக்குப் பின் குடுவையைச் சில நிமிடங்கள் விட்டுவைத்தால் நிறம் மங்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச்சைக் குறைப்பதே காரணம். இந்த வாயு பழைய காரக் கரைசலிலும் பிழையை உண்டாக்கும். பினால்ப்தலீன் நிறம் மாறும் இடத்தில் கார்பனேட் பாதி மட்டுமே வினைபுரிந்து பைகார்பனேட்டாக நிற்கிறது; ஆகவே காரம் வலுவிழந்ததுபோல் அளவு கூடுதலாகச் செலவாகும். வலிமை குறைந்த அமிலங்களுக்குப் பினால்ப்தலீனைத் தவிர்க்க முடியாது. எனவே அவற்றைத் தரம் பார்க்கையில் கொதிக்கவைத்து ஆறிய நீரும், கார்பனேட் இல்லாத காரமும் கட்டாயத் தேவை.

முறையின் எல்லைகள்

அமிலத்தின் வலிமை குறையக் குறைய ஏற்றம் சுருங்கி, ஒரு கட்டத்தில் மறைந்துவிடுகிறது. பிரிகை மாறிலியையும் செறிவையும் பெருக்கினால் 10⁻⁸க்குக் குறையாமல் இருந்தால்தான் நிறங்காட்டி தெளிவான முடிவைத் தரும் என்பது பொது வழிகாட்டி. போரிக் அமிலம் இந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதன் மாறிலிக்குரிய பிஎச் 9.24. சமான நிலையில் கரைசல் 11ஐ ஒட்டி நிற்கும்; ஏற்றமே இருக்காது. அதில் மானிட்டாலையோ கிளிசராலையோ போதிய அளவு கலந்தால், போரிக் அமிலம் அதனுடன் இணைந்து பல மடங்கு வலிமையான கூட்டு அமிலமாகிறது. பிறகு பினால்ப்தலீனைக் கொண்டே தரம் பார்க்கலாம். இங்கே போரிக் அமிலத்தின் அளவு மாறவில்லை, வலிமை மட்டுமே மாறியது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் அயனிகளைத் தரும் அமிலங்களில் படிகள் தனித்தனியே தெரியுமா என்பது அடுத்தடுத்த மாறிலிகளின் இடைவெளியைப் பொறுத்தது. பாஸ்பாரிக் அமிலத்தின் மூன்று மாறிலிகளுக்குரிய பிஎச் மதிப்புகள் ஏறக்குறைய 2.1, 7.2, 12.3. முதல் இரண்டு படிகள் வளைவில் தனித்துத் தெரிகின்றன. மூன்றாவது படி மிக வலிமை குறைந்தது என்பதால் தெரிவதில்லை. புளியில் மிகுந்துள்ள டார்டாரிக் அமிலத்தின் மதிப்புகள் 3.0, 4.4 என்று நெருங்கியிருப்பதால் இரண்டு படிகளும் கலந்து ஒரே ஏற்றமாகின்றன. ஆக்சாலிக் அமிலத்தையும் ஒரே முடிவுடன் தரம் பார்க்க முடிவது இதனால்தான்.

பயன்கள்

வினிகரின் தரத்தைக் கணக்கிடுவது நேரடியானது. 10 மி.லி. வினிகரை 100 மி.லி.யாக நீர்த்து, அதில் 20 மி.லி. எடுத்து 0.1 மோலார் காரத்தால் தரம் பார்க்கையில் 15.0 மி.லி. செலவானால், நீர்த்த கரைசலின் செறிவு 0.075 மோலார், வினிகரின் செறிவு 0.75 மோலார். அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60.05 கிராம். ஆகவே லிட்டருக்கு 45 கிராம், அதாவது 4.5 சதவீதம்.

பாலின் அமிலத்தன்மை இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு. 10 மி.லி. பாலுக்குப் பினால்ப்தலீன் முடிவுவரை 0.1 மோலார் காரம் 1.6 மி.லி. செலவானால், லாக்டிக் அமிலமாகக் கணக்கிட்டு 0.144 சதவீதம் என்று குறிப்பார்கள். கறந்த புதிதில் பாலில் லாக்டிக் அமிலம் அநேகமாக இருப்பதில்லை; பிஎச் 6.6ஐ ஒட்டியே இருக்கிறது. காரத்தை ஏற்பவை கேசீன் புரதமும் பாஸ்பேட்டுகளும். பால் புளிக்கத் தொடங்கி லாக்டிக் அமிலம் உருவானால், செலவாகும் காரம் இந்த இயல்பான அளவுக்கு மேலே ஏறுகிறது. அந்த ஏற்றமே பால் கெடத் தொடங்கியதன் அடையாளம்.

புளிக்கரைசல், திராட்சைச் சாறு போன்ற நிறமுள்ள திரவங்களில் நிறங்காட்டி தெரியாது. அங்கே கண்ணாடி மின்வாய் பொருத்திய பிஎச் மீட்டர் உதவுகிறது. கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டிய தேவையை ஒட்டி, 1934இல் பெக்மன் வெற்றிடக் குழாய் மிகைப்பியுடன் அமைத்த கருவியிலிருந்துதான் இன்றைய மீட்டர்கள் வளர்ந்தன. மீட்டரைக் கொண்டு ஒவ்வொரு சேர்ப்புக்கும் பிஎச்சைக் குறித்தால் முழு வளைவும் கிடைத்துவிடும்.

முழு வளைவு கிடைத்தால் பெயர் தெரியாத அமிலத்தையும் அடையாளம் காண முடியும். ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனியைத் தரும் திட அமிலம் ஒன்றில் 0.244 கிராமை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து, ஆறிய பின் தரம் பார்ப்பதாகக் கொள்ளலாம். 0.1 மோலார் காரம் 20.0 மி.லி. சேர்ந்ததும் ஏற்றம் வந்தால், அமிலத்தின் அளவு 0.002 மோல், மோலார் நிறை 122 கிராம். வளைவில் 10.0 மி.லி.க்கு நேரே பிஎச் 4.2 என்று இருந்தால், அதுவே பிரிகை மாறிலிக்குரிய மதிப்பு. 122 என்ற நிறையும் 4.2 என்ற வலிமையும் சேர்ந்து பென்சோயிக் அமிலத்தைக் காட்டுகின்றன. ஏற்றம் நிகழ்ந்த கன அளவு அமிலத்தின் அளவைச் சொல்கிறது; அதில் பாதிக் கன அளவில் உள்ள பிஎச் அமிலத்தின் வலிமையைச் சொல்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சோதனையில் தனித்தனி விடைகள் கிடைத்துவிடுகின்றன.